சம்பந்தி என்று எழுதிய இடமெல்லாம்

அப்பாவும் அவளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது. அவள் மூடிகளைத் திருகி எடுத்து, புனலை வைத்து ஊற்றினாள். டார்ச் பிடிப்பது ஒன்றுதான் அப்பாவின் வேலை. அதையும் அவர் ஒழுங்காகச் செய்யவில்லை. பேச்சு அரசாங்கத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் கையும் சேர்ந்து திரும்பியது. வெளிச்சம் பேட்டரியை விட்டுச் சுவருக்குப் போனது. சுவரிலிருந்து கூரைக்கு ஏறியது.

"அப்பா, வெளிச்சம்."

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"கூரைக்குப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. ஓட்டை இங்க இருக்கு."

"சரி சரி. நான் என்ன சொல்ல வந்தேன்னா, தெருவிளக்கு எரியலைன்னா முன்னாடி நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து பல்பு மாத்திடுவோம். இப்ப நாம மாத்தினா அபராதம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கான். அவனும் மாத்த மாட்டான், நம்மளையும்..."

"வெளிச்சம்!"

தண்ணீர் அளவு காட்டும் கடைசி மிதவையும் மேலே வந்து நின்றது. மூடிகளைத் திருகிக்கொண்டே அவள் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை எங்க மாமனார்கூடத் தண்ணித்தொட்டி பாக்கப் போறீங்கல்ல?"

"போறேன்னு சொல்லிட்டேன்ல."

"சொன்னது தெரியும். போறீங்களான்னு கேக்கறேன். ஏற்கெனவே ஒரு தடவை மழைன்னீங்க. ஒரு தடவை முட்டி வலின்னீங்க."

"முட்டி நிஜமாவே வலிச்சுதும்மா. இந்தத் தடவை போறேன். அவர் கட்டின தொட்டியை அவர் முன்னாலயே ஏறிப் பாக்கறேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதறேன். போதுமா?"

"நல்லாத்தான் இருக்கும்."

வெளிச்சம் மறுபடியும் கூரைக்குப் போயிருந்தது.

அந்த வியாழக்கிழமை, எடைமேடை அறையில் உட்கார்ந்த வாக்கிலேயே அப்பா போய்விட்டார். மேடையில் ஏறி நின்ற லாரிக்கு எடைச்சீட்டு வரவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே இறங்கி வந்தவர்தான் முதலில் பார்த்தார். மாரடைப்பு என்றார்கள். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுகிறார்கள் என்று ஊரில் இருக்கிற அலுவலகத்தையெல்லாம் திட்டி எழுதிய மனிதர், தன் விஷயத்தில் இப்படி ஒரு வாய்தா வாங்கிக்கொண்டு போவார் என்று யார் கண்டது?

அப்பா முதலில் அரசாங்க ஊழியர்தான். உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்றில், வருகிற மனுக்களுக்கு எண் போடும் வேலை. கல்யாணத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மேசையில் அதே மனுக்கள் அதே வரிசையில் இருந்தன. கல்யாணம் எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் போனதையே ஒருவரும் கவனிக்கவில்லை. மேலதிகாரி மட்டும் வருகைப் பதிவேட்டைத் தள்ளி, "என்னப்பா, கொஞ்ச நாளா கையெழுத்து விட்டுப்போயிருக்கு, போட்டுடு" என்றார். அப்பா அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். நான் இல்லாமலே ஓடுகிற இடத்துக்கு நான் எதற்கு என்பது அவர் கேள்வி. அந்த ராஜினாமாவுக்கு எண் போடவும் ஆள் இல்லை. அவரே போட்டுவிட்டு வந்தார்.

இந்தக் கதையை அம்மா வேறு மாதிரி சொல்வாள். "அரசாங்க உத்தியோகம்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தாங்க. கல்யாண போட்டோ கைக்கு வர்றதுக்குள்ள உத்தியோகம் போயிடுச்சு. போட்டோக்காரன்கூட மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேட்டான். சும்மா இருக்கார்னு சொன்னேன்."

பிறகு லாரிகள் போகிற சாலையில் பழைய எடைமேடை ஒன்றை எடுத்து நடத்த ஆரம்பித்தார். லாரி ஏறி நிற்க ஓர் இரும்புத் தளம், பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, அதில் சீட்டு அடிக்கும் இயந்திரம். அவ்வளவுதான். லாரியைக் காலியாக ஒரு தடவை நிறுத்துவார், சரக்கு ஏற்றி ஒரு தடவை நிறுத்துவார். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கு. ஆயுள் முழுக்க இந்த ஒரு கழித்தலைத்தான் அவர் செய்தார். கடைசியில் அதையே அரசாங்கத்துக்கும் செய்தார்.

எடைமேடைக்கு வருடம் ஒரு தடவை ஆய்வாளர் வந்து முத்திரை வைக்க வேண்டும். முத்திரை இல்லாமல் எடை போட்டால் குற்றம். ஒரு வருடம் ஆய்வாளர் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. மேடையில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. லாரிகள் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தன. அப்பா வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார்: "மேடை சரியாக இருக்கிறது. சரியாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் எடை இல்லை." ஓட்டுநர்கள் படித்துச் சிரித்தார்கள். மறுநாள் இன்னொரு வரி எழுதினார். அதற்கு அடுத்த நாள் பலகை போதவில்லை. புது ஆய்வாளர் வந்து முத்திரை வைத்து, மேடை மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை.

அவளுக்கு வேலை கணினி சர்வர் பராமரிப்பு. பலகையில் எழுதியதைப் படம் பிடித்துத் தினமும் அவளுக்கு அனுப்ப ஆரம்பித்தார் அப்பா, அதுவும் அலுவலகக் கூட்டத்தின் நடுவில். தொல்லை தாங்காமல் அவள் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். "காலி எடை" என்று அவரே பெயர் வைத்தார். அரசாங்கம் என்கிற வண்டிக்குச் சரக்கைவிட வண்டியின் எடைதான் அதிகம் என்பது முதல் கட்டுரை. இரண்டாவது, மூன்றாவது கட்டுரைகளும் அதுதான்.

அரசாங்கமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவர். யாராவது அப்படிச் சொன்னால் கோபம் வரும். "வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்? ஓரமா நிக்கட்டும்னு சொல்றேன்." வரியைக் கெடுவுக்கு முன்னாலேயே கட்டிவிடுவார். கட்டிவிட்டுத் திட்டினால்தான் திட்டு செல்லுபடியாகும் என்பார். ஓட்டுப் போடும் நாளில் சாவடியைத் திறக்கிறவருக்கு முன்னால் போய் நிற்பார். யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்கே தெரியாது. இலவசமாகத் தருகிறேன் என்கிறவனையும் பிடிக்காது, எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிவிடுகிறேன் என்கிறவனையும் பிடிக்காது. பழக்கத்தில் இருக்கிற ஒன்றில் கைவைக்கும்முன் பத்துப் பேரைக் கேள் என்பார். அவர் அடிக்கடி எழுதிய ஒரு வரி இது: "ஒரே உத்தரவில் ஊர் முழுக்க மாற்றுகிறவனை நம்பாதே. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுகிறவன் மெதுவாகத்தான் போவான். ஆனால் தப்புச் செய்தால் ஒரு தப்போடு நிற்பான்."

அவளுக்கு இதில் பாதி ஒத்துப்போகாது. "நான் படிச்சது அரசாங்கக் கல்லூரியிலப்பா. அதை எந்தப் பக்கம் வெப்பீங்க?" என்று ஒரு நாள் மடக்கினாள்.

"அது சரக்கு. சரக்கை நான் என்னைக்காவது குறைச்சுக் காட்டியிருக்கேனா?"

"காட்டவே இல்லையே. எந்தக் கட்டுரையில இருக்கு?"

"எழுதறேன்" என்றார். எழுதவில்லை.

எல்லாரையும் படுத்தி எடுத்தது ஒரு சொல். அது வந்தது இந்தக் கட்டுரையில்தான்:

"அரசாங்கத்தை எதிரியாக நினைப்பது தப்பு. பெற்றவர்களாக நினைப்பது அதைவிடத் தப்பு. அது நமக்குச் சம்பந்தி. வாசலில் நின்று வரவேற்க வேண்டும், நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட வேண்டும், வயிறாரச் சாப்பாடு போட்டு நேரத்தோடு வழியனுப்ப வேண்டும். சமையலறைக்குள் விட்டுவிடக் கூடாது. விட்டால் உப்பு டப்பாவை இடம் மாற்றுவார். போகும்போது அந்த நாற்காலியையே இரவல் கேட்பார். கேட்டால் கொடுக்காமலும் இருக்க முடியாது, கொடுத்தால் திரும்பியும் வராது."

கட்டுரை பற்றிக்கொண்டது. லாரி ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. "எங்க தெருவைச் சம்பந்தி தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டார். எப்ப மூடுவீங்கன்னா முறைக்கிறார்." "சம்பந்தி இந்த வருஷமும் வரியை ஏத்திட்டார், வாயைத் திறக்க முடியலை, பொண்ணு அங்க இருக்கே." அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு எழுதிய எல்லாவற்றிலும் அரசாங்கம் சம்பந்திதான்.

தொல்லை என்னவென்றால், அப்பாவுக்கு நிஜமாகவே ஒரு சம்பந்தி இருந்தார். அவளுடைய மாமனார். குடிநீர் வாரியத்தில் மேற்பார்வைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதாவது அசல் அரசாங்கம். யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களை ஒழுங்குபடுத்துவார். அப்பாவின் சாய்வு நாற்காலி ஒன்று இடுப்பு வலிக்கு நல்லது என்று அவர் வீட்டுக்குப் போய் வெகுநாளாகிவிட்டது.

"சத்தியமா அவரை நினைச்சு எழுதலைம்மா. பொதுவா எழுதினது."

"பொதுவா எழுதினதுல நாற்காலி எங்க இருந்து வந்தது?"

"உதாரணத்துக்கு ஒரு சாமான் வேணும்ல."

"உப்பு டப்பா?"

"அதுவும் உதாரணம்தான்."

மாமனாருக்கு அந்தக் கட்டுரையை உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு தடவை அனுப்பிவைத்தார்கள். ஒரு காலை நேரத்தில் அப்பாவின் வீட்டு வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் சாய்வு நாற்காலியை இறக்கி வைத்தார். "சம்பந்தி கொடுத்துட்டு வரச் சொன்னார் சார்."

"எந்தச் சம்பந்தி?" என்றார் அப்பா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து இரண்டு வீடும் முகம் பார்க்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள். "உங்கப்பா அரசாங்கத்தை எப்படி வேணும்னாலும் திட்டட்டும், எங்கப்பா மூஞ்சியை ஏன் அதுல ஒட்டணும்?" என்று கணவர் கேட்டார். பண்டிகை, பிறந்தநாள் எதுவானாலும் இரண்டு இடத்தில் இரண்டு தடவை சாப்பிட வேண்டியிருந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினாள்.

"எழுதாததுக்கு எப்படிம்மா மன்னிப்புக் கேக்கறது? கேட்டா எழுதினேன்னு ஆயிடும்ல."

"ஆகட்டுமே!"

"அது பொய்."

"ஊர்ல ஓடற லாரியெல்லாம் எடை போடறார்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "தன் வாயில இருந்து விழற ஒரு சொல்லை எடை போடத் தெரியலை."

கடைசியில் இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்க மாட்டார், ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிடுவார். சம்பந்தி என்று இருக்கிற இடத்தில் எல்லாம் அரசு என்று போட்டுவிடலாம். அத்தனை கட்டுரையிலும் எப்படி மாற்றுவது என்று கேட்டார். அதற்கு ஒரு வசதி இருக்கிறது, ஒரே தடவையில் மாற்றிவிடும், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும், சனிக்கிழமை வருகிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று அவள் சொன்னாள். கடைசி வாக்கியம் அவர் காதில் விழவில்லை. வெள்ளிக்கிழமையே அவராகத் தேடிக் கண்டுபிடித்து அழுத்திவிட்டார்.

அந்த வலைப்பூவில் பழைய கட்டுரை ஒன்று இருந்தது. சம்பந்தி என்றால் சம்பந்தியை மட்டுமே குறித்த காலத்தில் எழுதியது. அவள் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் கழித்து அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது எழுதினார். அதை அன்றைக்கு யாரும் பெரிதாகப் படிக்கவில்லை. இப்போது அது இப்படி இருந்தது:

"என் அரசு தங்கமான மனிதர். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். என் மனைவி படுத்திருந்த நாளெல்லாம் என் அரசு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரசுயம்மா சாப்பாடு கொண்டுவந்தார். இப்படி ஓர் அரசு கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அரசுயை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன்."

பின்னூட்டங்களைப் பார்த்து அவளுக்கே மயக்கம் வந்தது. "ஐயா விலை போயிட்டார்." "எந்த வாரியத்துல பதவி கொடுத்தாங்க?" "நம்பி வந்தோமே!" ஒருவர் மட்டும் பணிவாகக் கேட்டிருந்தார்: "அரசுயம்மா என்பவர் புது அமைச்சரா?"

அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் உள்ளே போயிருந்தது. "நான் எதைச் செய்யாதேன்னு எழுதினேனோ, அதையே செஞ்சுட்டேன்மா. ஒரே உத்தரவு. ஊர் முழுக்க மாறிடுச்சு."

"நான்தான் தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"அரசாங்கமும் இப்படித்தான் அவசரப்பட்டிருக்கும்போல. இதை எழுதலாமா?"

"அப்பா!"

அவளிடம் பழைய பிரதி இருந்தது. அப்படியே திரும்ப ஏற்றினாள். ஆனால் ஏற்றியதும் பழைய சம்பந்திகள் எல்லாரும் கூடவே திரும்பி வந்துவிட்டார்கள். இனி ஒவ்வொன்றாகப் படித்து, இது அரசாங்கம், இது மனிதர் என்று பிரிக்க வேண்டும். அதை அவர்தான் செய்ய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தார். ஒரு சாயங்காலம் தொலைபேசியில் கேட்டார்: "சில இடத்துல எனக்கே தெரியலைம்மா, இது யாரைப் பத்தி எழுதினதுன்னு."

"இதைத்தானேப்பா நான் ஆரம்பத்துல இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்!"

"லாரி வந்துடுச்சு, வெக்கறேன்" என்றார். லாரி வந்த மாதிரி அவளுக்குக் கேட்கவில்லை.

இதற்குள் உறவுக்காரர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். திட்டை அனுப்பிய அதே கைகள் இந்த வேடிக்கையையும் மாமனாருக்கு அனுப்பின. அந்தப் பழைய கட்டுரையை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார். அரசு என்று இருந்த இடத்தில் எல்லாம் தன்னைப் போட்டுப் படித்திருக்க வேண்டும். அவரே அப்பாவைக் கூப்பிட்டார்.

"என்ன சம்பந்தி, என்னை அரசாங்கமாவே ஆக்கிட்டீங்க? பதவியில இருந்தப்பகூட இவ்வளவு மரியாதை கிடைக்கலையே."

அப்பா என்னவோ சொல்ல ஆரம்பித்தார். மாமனார் குறுக்கிட்டார். "விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நான் கட்டின தண்ணித்தொட்டி ஒண்ணு மேட்டுல நிக்குது. இத்தனை வருஷமா அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு, தொண்டை நனைஞ்ச தெம்புலதான் எங்களைத் திட்டிக்கிட்டிருக்கீங்க. ஒரு தடவை எங்கூட வந்து, மேல ஏறிப் பாருங்க. பாத்துட்டு என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஆனா பாத்துட்டு எழுதுங்க."

அப்பா சரி என்றார். சொன்ன நாளிலிருந்து அவருக்கு ஒரே கவலை. அடிதடிக்கு அஞ்சாத மனிதர், ஒரு தொட்டி நன்றாக இருந்துவிடுமோ என்று பயந்தார். அதனால்தான் மழை, அதனால்தான் முட்டி. இன்வெர்ட்டர் பக்கத்தில் நின்று கடைசியாக ஒப்புக்கொண்டது இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

வியாழக்கிழமை அந்தச் செய்தி வந்ததிலிருந்து எல்லா வேலையையும் மாமனாரே முன்னின்று செய்தார். யார் எங்கே உட்கார வேண்டும், வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டார். சமையலறைக்குள்ளும் போனார். அம்மா விலகி வழி விட்டாள். வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது.

ஞாயிறு காலை அவள் வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, காலில் ஷூ, கையில் மடித்த ஒரு தாள்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்லை." தாளை அவளிடம் நீட்டினார். தொட்டி வளாகத்துக்குள் இரண்டு பேர் போவதற்கான அனுமதி. இன்றைய தேதிக்கு மட்டும். "இதை வாங்க நான் பட்ட பாடு இருக்கே! ஏழு மேசை. வரைபடத்துல என் கையெழுத்து இருக்கு, வாசல் கல்வெட்டுல என் பேர் இருக்கு, இருந்தும் நீங்க யாருங்கறான். நான் கட்டின தொட்டியை நான் பாக்க எங்கிட்டயே அடையாள அட்டை கேக்கறான். விண்ணப்பத்தை ஒருத்தன் தொலைச்சுட்டான். தொலைச்சதுக்கு இன்னொரு விண்ணப்பம் கொடுங்கறான்."

"இதை அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லுவேனா? அதையில்ல எழுதியிருப்பார்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. மாமனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"வந்து பாத்திருந்தா என்னம்மா எழுதியிருப்பார்?"

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தொட்டி நல்லாத்தான் இருக்கு, ஏணி துருப்பிடிச்சிருக்குன்னு எழுதியிருப்பார்."

"துருவா? எந்த ஏணி?" மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "போன வருஷம்தான் ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சிருக்கு. போய்ப் பாக்காம எப்படி எழுதறதாம்? இதுதான் உங்கப்பாகிட்ட எனக்குப் பிடிக்காதது. எதையும் வந்து பாக்கறதில்லை. உக்காந்த இடத்துல இருந்தே... எத்தனை தடவை கூப்பிட்டேன்? மழைங்கறது, முட்டிங்கறது..."

சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மாமனார் நிறுத்திக்கொண்டார். வாசல் படியில் உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"நீ வர்றியா?" என்று கேட்டார், நிமிராமலே. "ரெண்டு பேருக்கு அனுமதி இருக்கு. சாயங்காலம் வரைக்கும் செல்லும்."

"இல்லை மாமா. அப்பா பாக்கவேண்டியது அது."

சாயங்காலம் அனுமதி முடிந்தது. அப்பா அந்தத் தொட்டியைப் பார்க்கவில்லை.